நாலாவது ஓ.டி.!

அம்பத்தூர்க்காரனிடம் போய் 'ஓ.டி.' என்று சொல்லிப் பாருங்கள். "எந்த ஓ.டி. ஸார்?" என்று திருப்பிக் கேட்பான்.

கண்டக்டரிடம் சொன்னால் ஓல்டு டவுன்... அதாவது அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட். எஸ்டேட் பக்கம் சொன்னால் ஓவர்டைம். ஆஸ்பத்திரியில் சொன்னால் ஆபரேஷன் தியேட்டர். முதல் ஓ.டி.யில் தொங்கிக்கொண்டு போயிருக்கிறேன். இரண்டாவதைப் பார்த்துச் சம்பாதித்திருக்கிறேன். மூன்றாவதன் வாசலில் நகம் கடித்திருக்கிறேன். நாலாவதாக ஒரு ஓ.டி. இருப்பது என் மாமாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் லேத்தில் நின்ற டர்னர். ரிட்டையர் ஆகி திருமுல்லைவாயலில் வாசம். ஒரு நாள் காலை காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறியது. பாட்டி, "வாயுப் பிடிப்புடா, சுக்கு தட்டிப் போட்டு கஷாயம் வை" என்றாள். டிகிரி படித்த நானும் சுக்கு தட்டினேன். அந்த முட்டாள்தனத்தில் மூன்று மணி நேரம் போனது.

ஆபீஸ் போகிற தம்பிகளே, இதை மட்டும் கட்டம் கட்டி வெச்சுக்குங்க: முகம் கோணினால், கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால் உடனே 108. ரத்தக்கட்டு அடைத்து வருகிற பக்கவாதமாக இருந்தால், அதைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். சுக்கு தட்ட அதில் நேரமே கிடையாது!

நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு!

மாமாவுக்கு மூளையின் இடது பக்கம் அடைப்பு. அதனால் வலது கை, வலது கால் விழுந்தது. பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு வந்தார். பிஸியோதெரபி செய்ய ஒரு தம்பி வந்தார். நல்ல மனுஷர். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். 'பார்த்தெல் இண்டெக்ஸ்' என்று பெயர்.

அமெரிக்காவில் மேரிலாண்டைச் சேர்ந்த ஃப்ளாரன்ஸ் மஹோனி, டோரதியா பார்த்தெல் என்ற இரண்டு பெண்மணிகள் 1965-ல் வெளியிட்ட அளவுகோல் அது. மொத்தம் பத்தே விஷயம். சாப்பிடுவது, குளிப்பது, முகம் கழுவி ஷேவ் பண்ணுவது, உடை உடுத்துவது, மலம் - சிறுநீர் அடக்கும் கட்டுப்பாடு, கக்கூஸ் போய் வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, மாடிப்படி ஏறுவது. எல்லாம் தானே செய்தால் நூற்றுக்கு நூறு.

வீட்டுக்கு வந்த அன்று மாமா 35. எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் ஜஸ்ட் பாஸ்! இரண்டாம் மாதம் 60. நாலாம் மாதம் 95. மாடிப்படியில் மட்டும் ஒரு ஆள் பிடிக்க வேண்டியிருந்ததால் ஐந்து மார்க் போச்சு. அத்தை வைஷ்ணவி அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். நான் எல்லாருக்கும் போன் போட்டு, "மாமா டிஸ்டிங்ஷன்!" என்றேன்.

டிஸ்டிங்ஷன் வாங்கின மாணவர் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஆனால் பேச மாட்டார். டி.வி. ஓடும், பார்க்க மாட்டார். யாராவது வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். தை மாசம் அவர் தங்கை பெண்ணுக்குக் கல்யாணம். "நான் வரலை. கால் வலிக்குது" என்று ஒரே வரியில் முடித்தார்.

எனக்குக் கோபம்கூட வந்தது. பால் வாங்க நான், பேப்பர் எடுத்துத் தர நான், பட்டன் போட அத்தை, பென்ஷன் வாங்க என் தம்பி... ஒரு துரும்பைக்கூட அவர் நகர்த்த விடுவதில்லை. இதற்கு மேல் என்னதான் வேணுமாம் இவருக்கு?

ரிட்டையர் ஆனவனுக்கு என்ன ஆக்குபேஷன்?

நாலாவது ஓ.டி. அப்போதுதான் வந்தது. ஆக்குபேஷனல் தெரபி. டாக்டர் எழுதிக் கொடுக்க, இருபத்தைந்து வயசு இருக்கும் ஒரு பெண் தோளில் பையோடு வந்து இறங்கினாள்.

மாமா முதல்முறையாக வாயைத் திறந்தார். "ஏம்மா, ரிட்டையர் ஆனவனுக்கு என்னம்மா ஆக்குபேஷன்?"

"காலையில எழுந்ததுலேருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் உங்க பொழுதை எதெல்லாம் எடுத்துக்குதோ, அதெல்லாம் ஆக்குபேஷன்தான் அங்கிள். பல் விளக்கறதும் அதுல வரும், பக்கத்து வீட்டுக்காரரோட சண்டை போடறதும் வரும்."

மாமாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. பக்கவாதத்தால் அல்ல.

இந்தப் படிப்பு நம் ஊருக்கு வந்து எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே தங்கிவிட்ட கமலா நிம்ப்கர், 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த வண்டி விபத்தில் தன் கால்களே செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆபரேஷன் செய்தவர். அவர் முயற்சியில் 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்தது. நடக்க முடியாதவரே நடக்கக் கற்றுக்கொடுத்த கதை அது!

நம்ம பெண்ணுக்கு வருவோம். அவள் மாமாவின் கையை மடக்கவில்லை, காலை நீட்டவில்லை. பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தாள். கனடாக்காரர்கள் 1991-ல் கொண்டு வந்த அளவுகோல். 'சி.ஓ.பி.எம்.' என்கிறார்கள். அதில் ரெடிமேட் கேள்விகளே இல்லை. சிலபஸை எழுதுவதே நோயாளிதான்! 'எதைச் செய்ய ஆசைப்படறீங்க, எதைச் செய்தாகணும், எது முடியாம இருக்கு?' என்று கேட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க் போடச் சொல்கிறார்கள். அதில் தலையாய ஐந்தை எடுத்துக்கொண்டு மேலும் இரண்டு மார்க். 'இப்ப எவ்வளவு நல்லாச் செய்யறீங்க?' என்பது ஒன்று. 'அதுல எவ்வளவு திருப்தி?' என்பது இன்னொன்று.

"அவருக்கு என்ன வேணும்னு நான் சொல்றேம்மா" என்று அத்தை ஆரம்பித்தாள். "படி ஏறணும். மொட்டை மாடிக்குப் போய் நாளாச்சு."

"நடக்கணும், நல்லா நடக்கணும்" என்றேன் நான்.

அந்தப் பெண் சிரித்தபடி, "அத்தை, ஒரு காபி கிடைக்குமா? ஸார், நீங்களும் ஹெல்ப் பண்ணுங்களேன்" என்று எங்கள் இரண்டு பேரையும் சமையல்கட்டுக்கு நாடு கடத்தினாள்.

பிறகுதான் புரிந்தது, அது காபிக்காகக் கேட்டதல்ல என்று. நோயாளிக்குப் பதிலாக வீட்டார் பதில் சொன்னால் கணக்கு தப்பும். 'அவரால முடியாது' என்று நோயாளியைவிட வீட்டார்தான் அதிகம் சொல்வார்கள் என்று ஆராய்ச்சிகளே காட்டுகின்றன. அத்தோடு, பெண்டாட்டி எதிரில் எந்தப் புருஷன் உண்மை பேசியிருக்கிறான்?

மாமாவின் ஐந்து

சமையல்கட்டில் காது இல்லாமல் இருக்குமா? கேட்டுக்கொண்டே காபி ஆற்றினேன்.

முதலாவது, காலையில் தெருமுனை டீக்கடைக்குத் தானே நடந்து போய், நின்றபடி பேப்பர் படிப்பது. முக்கியத்துவம் பத்துக்குப் பத்து.

"வீட்லயே டீயும் பேப்பரும் தராங்களே அங்கிள்?"

"டீக்காகவாம்மா போறேன்? அங்க போனாத்தாம்மா நான் ஒரு ஆளு. இங்க நான் பேஷண்ட்டு."

பேப்பர் எடுத்துத் தரும் பரோபகாரியான எனக்குச் சுருக்கென்றது.

இரண்டாவது, கையெழுத்து. "முப்பத்திரண்டு வருஷம் ஜாப் கார்டுல கையெழுத்துப் போட்டவன். இப்ப பென்ஷனுக்குக் கட்டைவிரலை மையில அமுக்கறாங்க. கைநாட்டும்மா நான்..." குரல் உடைந்தது. அதுவும் பத்து.

மூன்றாவது, வேட்டி. வசதியாக இருக்கட்டும் என்று நாங்கள் எலாஸ்டிக் வைத்த பைஜாமா போட்டு விட்டிருந்தோம். பார்த்தெல் கணக்கில் 'உடை உடுத்துவது' முழு மார்க். மாமா கணக்கில், "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து வேட்டி கட்டினவனுக்குப் பைஜாமா வேஷம்." எட்டு மார்க்.

நாலாவது, டி.வி.எஸ். 50-ஐ ஓட்டுவது. ஏழு.

ஐந்தாவது சொல்ல ரொம்ப நேரம் ஆனது.

"தை மாசம் கல்யாணம்னாங்களே... கால் வலியா அங்கிள்?"

"காலு இல்லம்மா. கை." ஒரு நிமிஷம் அமைதி. "இலையில உட்கார்ந்து எல்லார் எதிர்லயும் இடது கையால சாப்பிடச் சொல்றியா?"

நான் டபராவை அப்படியே வைத்துவிட்டேன். வீட்டில் மாமா இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறார். யார் உதவியும் இல்லை. 'சாப்பிடுவது - பத்துக்குப் பத்து' என்று பார்த்தெல் தாளில் டிக் அடித்தாகிவிட்டது. மேரிலாண்டில் அது சரிதான். அங்கே முள்கரண்டியை எந்தக் கையில் பிடித்தாலும் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. திருமுல்லைவாயல் பந்தியில்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'நூறு வாங்கியவர் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை. சமைக்கவோ, வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ, வெளியே நாலு பேரைச் சந்திக்கவோ முடியாமலும் போகலாம்' என்று அந்த இரண்டு பெண்மணிகளும் 1965-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மார்க்கை மட்டும் படித்துவிட்டு பொங்கல் வைத்த எங்கள் மேல்தான் தப்பு.

அந்தப் பெண் விடவில்லை. "சரி, உடம்பு நல்லா இருந்தப்ப கல்யாணத்துல நீங்க என்ன செய்வீங்க அங்கிள்?"

மாமாவின் குரல் சட்டென்று மாறியது. "நானா? பந்தி விசாரிப்பேன்! எங்க குடும்பத்துல எந்தக் கல்யாணம்னாலும் பந்தி என் பொறுப்பு. ஒரு இலையில சாம்பார் இல்லாம இருக்குமா? நான் சாப்பிடறது எப்பவும் கடைசிப் பந்தியில, சமையல்காரங்களோடதான்."

"அப்ப நீங்க பந்தியில உட்கார்ந்து சாப்பிடறவரே இல்லையே!"

ஐந்தாவது வரியில் அவள் எழுதினாள்: 'பந்தி விசாரிப்பது'. முக்கியத்துவம் பத்து. இப்போதைய செயல்திறன் ஒன்று. திருப்தி ஒன்று.

அடிஸ்கேலும் வெர்னியரும்

"அதெப்படிம்மா ஆசைக்கு மார்க் போடறீங்க?" என்று நான் கேட்டதற்கு, அந்தப் பெண்ணுக்கு முன்னால் மாமாவே பதில் சொன்னார்.

"டேய், வெர்னியர்ல அளக்க வேண்டியதை அடிஸ்கேல்ல அளந்தா என்ன ஆகும்? ஸ்கேல் ஓகேன்னு சொல்லும், பீஸ் ரிஜெக்ட் ஆகும். இத்தனை நாளா என்னை அடிஸ்கேல்ல அளந்தீங்கடா!"

அதற்கப்புறம் நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இந்த அடிஸ்கேல் விவகாரம் உலகம் முழுக்க இருக்கிறது. கிளாஸ்கோவில் ஜான் ராங்கின் என்ற டாக்டர் 1957-ல் ஒரு அளவு வைத்தார். இன்று திருத்தப்பட்ட வடிவில் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை. பூஜ்யம் என்றால் ஒரு குறையும் இல்லை, ஆறு என்றால் ஆளே இல்லை! பெரிய பெரிய மருந்து ஆராய்ச்சிக்கெல்லாம் இதுதான் தீர்ப்பு. பத்தாயிரம் பேரை ஒப்பிட இது வேணும். ஒரு மாமாவைப் புரிந்துகொள்ள இது போதாது.

செயிண்ட் லூயிஸ் நகரத்து கரோலின் பாம், டோரதி எட்வர்ட்ஸ் இருவரும் வேறு வழி பிடித்தார்கள். 89 புகைப்பட அட்டைகள். சமைப்பது, தோட்டவேலை, சீட்டாட்டம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. பக்கவாதத்துக்கு முன்னால் செய்தது எது, இன்னும் செய்வது எது, விட்டுப்போனது எது என்று நோயாளி பிரித்து அடுக்க வேண்டும். வாழ்க்கையில் எத்தனை சதவீதம் கையில் மிச்சம் என்று கணக்கு வரும். பேச்சு வராதவர்களுக்கு இது பெரிய வசதி. வாயால் சொல்ல வேண்டாம், படத்தைக் காட்டினால் போதும். ஊருக்கு ஊர் படம் மாறும். நம்ம ஊர் அட்டையில் கோலம், பூக்கட்டுவது, கோயில் சுற்றுவது எல்லாம் இருந்தாக வேண்டும் இல்லையா?

ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஆழமாகப் போனார்கள். நாம் செய்கிற காரியத்துக்கு மூன்று விதமான மதிப்பு என்கிறார்கள். ஒன்று, கைமேல் கிடைக்கும் பலன். இரண்டாவது, 'நான் யார்' என்று காட்டும் அடையாளம். மூன்றாவது, செய்யும்போதே கிடைக்கும் சந்தோஷம். டீக்கடையை இதில் போட்டுப் பாருங்கள். பலன் டீ. அடையாளம் 'நானும் ஒரு ஆளு'. சந்தோஷம் ஓசிப் பேப்பரும் அரசியலும். டீயை வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்ததன் மூலம் நான் முதலாவதைக் கொடுத்து மற்ற இரண்டையும் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

'வீட்டுல அன்பா பார்த்துக்கிட்டா போதும் ஸார்' என்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து 'அட்டெண்ட்' என்று ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேரின் வீட்டாருக்கு, வீட்டிலேயே பயிற்சி கொடுப்பது எப்படி என்று சொல்லித் தந்தார்கள். 2017-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருப்பவர்களும் சேர்ந்து இந்தப் பக்கம் 47 சதவீதம், அந்தப் பக்கமும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை! குடும்பம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பாசத்தை மட்டும் நம்பினால் போதாது, முறையான சிகிச்சையும் கூடவே வேணும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் சேவைகளில் பிஸியோதெரபியும் உண்டு. கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கேட்டுப் பார்க்கலாம்.

தை மாசம்

அஞ்சு மாசம் என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

பால் வாங்கும் உத்தியோகத்திலிருந்து என்னை டிஸ்மிஸ் செய்தார்கள். நாலு கால் ஊன்றுகோலோடு மாமா முதல் நாள் வாசல் வரை, அடுத்த வாரம் மூன்றாவது வீடு வரை, இரண்டாம் மாதம் டீக்கடை. நான் பின்னாலேயே போகக் கூடாது என்று உத்தரவு. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒளிந்து பார்த்தேன். டீக்கடைக்காரர், "வாங்க டர்னர், எங்க ஆளையே காணோம்?" என்றார். 'உடம்பு எப்படி இருக்கு?' என்று கேட்கவில்லை. அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும்.

தடிமனாக ஸ்பாஞ்ச் சுற்றிய பேனா வந்தது. வலது கை ஒத்துழைக்காததால் இடது கையில் தினம் இரண்டு பக்கம் எழுதினார். புதுக் கையெழுத்து ஒன்று உருவானது. பேங்குக்குப் போய் மாதிரிக் கையெழுத்தை மாற்றிக் கொடுத்தார். வேட்டிக்கு வெல்க்ரோ ஒட்டு. "கட்சிக்காரன் மாதிரி ஒட்டிக்கிட்டேன்" என்று ஜோக் வேறு.

டி.வி.எஸ். 50 மட்டும் நடக்கவில்லை. "இது இப்போதைக்கு முடியாது அங்கிள்" என்று அந்தப் பெண் பொய் சொல்லாமல் சொன்னாள். இன்னும் உறை போட்டுத்தான் நிற்கிறது. வாரம் ஒரு தடவை மாமா துடைத்து வைக்கிறார்.

கல்யாணத்தன்று காலை ஏழு மணி டிபன் பந்தி. வெல்க்ரோ வேட்டியில், ஊன்றுகோலோடு, மாமா இரண்டு வரிசைக்கு நடுவில் இறங்கினார். "தம்பி, மூணாவது இலைக்குச் சட்னி! பெரியவருக்கு இன்னொரு இட்லி வை, கூச்சப்படறாரு!" வார்த்தை கொஞ்சம் குழறியது. பரிமாறுகிற பசங்களுக்கு நன்றாகவே புரிந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே அதட்டினார். கடைசிப் பந்தியில் சமையல்காரர்களோடு உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூனோடு சாப்பிட்டார். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அன்று அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

மறுவாரம் அந்தப் பெண் பழைய ஃபாரத்தோடு வந்தாள். ஐந்துக்கும் சேர்த்துச் சராசரி, செயல்திறன் 1.6-லிருந்து 5.4. திருப்தி 1.2-லிருந்து 6.6. இரண்டு புள்ளி ஏறினாலே கணிசமான முன்னேற்றமாம். பந்தி விசாரிப்புக்கு மட்டும் மாமா செயல்திறனில் ஐந்து போட்டுக்கொண்டார்.

"ஏன் அங்கிள், நல்லாத்தானே செஞ்சீங்க?"

"ரெண்டாவது பந்தியில நாலு இலைக்குப் பாயசம் விட்டுப்போச்சும்மா. ரிஜெக்ஷன் ரிஜெக்ஷன்தான்."

"திருப்திக்கு?"

"அதுக்குப் பத்து!"

கடைசியாக உங்களுக்கு...

32 நாடுகளில் நடத்தி 2016-ல் வெளியிட்ட 'இண்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு, பக்கவாதங்களில் பத்தில் ஒன்பது, பத்துக் காரணங்களில் அடங்கிவிடும் என்கிறது. முதல் இடம் ரத்தக்கொதிப்புக்கு. புகை, உடற்பயிற்சி இல்லாமை, சாப்பாடு, தொப்பை, மன அழுத்தம் எல்லாம் பட்டியலில் உண்டு. அதாவது ஸார், நம்ம ஆபீஸ் வாழ்க்கையின் பயோடேட்டா! முப்பது வயசு ஆனவர்கள் பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பார்த்தார்கள். மேலே 146. இப்போது ஆவடி வண்டியில் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே அண்ணனூரில் இறங்கி நடக்கிறேன்.

ராத்திரி சும்மா உட்கார்ந்து எனக்கே ஒரு ஃபாரம் பூர்த்தி செய்து பார்த்தேன். எனக்கு முக்கியமான ஐந்து காரியம் என்ன? அரை மணி நேரம் பேனாவைக் கடித்தும் மூன்றுக்கு மேல் வரவில்லை. ஆபீஸ் அதில் இல்லை. மாமாவுக்கோ ஐந்தும் அச்சுப் பிசகாமல் தெரிந்திருந்தது. யார் இங்கே பேஷண்ட் என்று சந்தேகம் வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் ஒரு மாமாவோ, அப்பாவோ, பாட்டியோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம். 'மாத்திரை போட்டாச்சா?' என்று தினமும் கேட்கிறீர்கள். நாளைக்கு ஒரு நாள், 'உங்களுக்கு எதைச் செய்யணும்னு இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்டுவிட்டு, காபி போட சமையல்கட்டுக்குப் போய்விடுங்கள்!